கணக்கு வட்டம் நடத்தப் போகிறீர்களா? முதலில் 'சரி' சொல்வதை நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேரம் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆறு வருடமாக எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய் முந்திக்கொள்கிறது. எங்கள் தெருவிலும் ஆரம்பிக்கலாமா, எப்படி என்று சமீபத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள், மற்றவர்கள் கணக்குக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிக்கொள்கிற பெற்றோர். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது மேல்.

கணக்கு வட்டம் என்கிற பெயர் நான் வைத்ததில்லை. 1930களில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் கணித ஆராய்ச்சி செய்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகளைப் பேசினார்கள், ரஷ்ய மொழியில் அதற்கு வட்டம் என்றே பெயர். 1994-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் பாப் காப்லன், எலன் காப்லன் தம்பதி ஆரம்பித்த வட்டம் இன்னொரு வகை. அங்கே போட்டி கிடையாது, பரிசு கிடையாது, பிள்ளைகள் சேர்ந்து பேசிக் கண்டுபிடிப்பதுதான் எல்லாம். நான் செய்வது இந்த இரண்டாவது வகையின் ஏழைச் சொந்தக்காரன். டியூஷன் இல்லை, ஒலிம்பியாட் கோச்சிங்கும் இல்லை. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் அரையாண்டுத் தேர்வு சிலபஸை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

ஆட்கள், இடம், சாமான்

ஆறு பேருக்குக் குறைந்தால் வட்டம் சோர்ந்துவிடும், பன்னிரண்டுக்கு மேல் போனால் நீங்கள் போலீஸ் வேலை பார்க்க வேண்டியிருக்கும். வயது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து உட்கார வைத்திருக்கிறேன், நன்றாகவே போகிறது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள், பெரியவன் சொல்வதைச் சின்னவன் வேதவாக்காக எடுத்துக்கொள்வான், அங்கே பேச்சு நின்றுவிடும்.

இடம் எதுவாகவும் இருக்கலாம், சிமெண்ட் தரை மட்டும் கட்டாயம் வேண்டும். சாக்பீஸால் தரையில் போடுகிறபோது தப்பாகிவிடுமோ என்ற பயம் வருவதில்லை, காலாலேயே அழித்துவிடலாம். நோட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள், ஸ்கேல் தேடுவார்கள், ஓரத்தில் மார்ஜின் போடுவார்கள், தலைப்பை எழுதி அடிக்கோடு இழுப்பார்கள், பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். இரண்டு பாக்கெட் சாக்பீஸ், கொஞ்சம் கட்டம் போட்ட தாள், நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, ஒரு டப்பா புளியங்கொட்டை. இதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். ஆரம்பத்தில் நான் ஆன்லைனில் பெரிய விலை கொடுத்து ஒரு கணிதப் பெட்டி வாங்கினேன், பிள்ளைகள் அதை வைத்து வீடு கட்டினார்கள்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் சொல்வார், மற்றவர் எழுதுவார். நாலு பேர் என்றால் ஒருவர் காக்கா பார்த்துக்கொண்டிருப்பார். யார் யாரோடு என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவர்களையும் முடிவு செய்ய விடாதீர்கள், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அப்புறம் எங்கள் மாடியில் ஒரு சட்டம் உண்டு: மூன்று பேருக்கு ஒரே சாக்பீஸ், அதைக் கையில் வைத்திருப்பவர் தன் யோசனையைப் போடக் கூடாது, மற்ற இரண்டு பேர் சொல்வதைத்தான் போட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற்ற வேண்டும். இந்த ஒரு சட்டத்தால் நான் சொல்ல நினைத்த நூறு அறிவுரைகள் மிச்சமாகிவிட்டன. தன் யோசனையை அடுத்தவன் கை வழியாகத்தான் வெளியே கொண்டுவர முடியும் என்றால், புரியும்படி சொல்லித்தானே ஆக வேண்டும்!

எந்தக் கேள்வி

முதல் ஞாயிறு நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 100 வரை கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன், அதில் அழகான ஒரு வழி ஒளிந்திருக்கிறது, பிள்ளைகள் துள்ளுவார்கள் என்று நினைத்தேன். டியூஷன் போகிற ஒரு பையன் இரண்டு விநாடியில் "ஐயாயிரத்து ஐம்பது" என்றான். ஒன்பது பேர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்கள். எப்படி வந்தது என்று அவனைக் கேட்டேன், "சூத்திரம்" என்றான். மணி பத்தே முக்கால், பன்னிரண்டு வரைக்கும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, கடலை மிட்டாயை முன்கூட்டியே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குப் படித்த பாடம், விடை தெரிந்தவனாலும் முடித்து வைக்க முடியாத கேள்வி வேண்டும். எவ்வளவு மந்தமான பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கியிருந்தாலும் முதல் அடியைத் தானே எடுத்து வைக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு ஒழுங்கு தலைகாட்ட வேண்டும், ஆனால் முதலில் தோன்றுகிற விதி தப்பாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். தப்பான விதி கிடைக்காத கேள்வியில் சண்டை வராது, சண்டை வராத கேள்வியில் பேச்சு வராது.

இப்படிப்பட்ட கேள்வி நம் வாசலிலேயே கிடக்கிறது.

மூன்றுக்கு ஐந்து

சிக்குக் கோலம். நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். கேள்வி ஒரே வரி: இத்தனை புள்ளி, இத்தனை வரிசை வைத்தால் கோலம் எத்தனை இழையில் முடியும்?

போடும் முறையை மட்டும் நீங்கள் காட்ட வேண்டும், கோலம் போட்டே பழகாத பிள்ளைகள் இப்போது நிறைய. புள்ளிகளை நேர்ப்புள்ளியாக வையுங்கள், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் புள்ளி வருகிற ஊடு புள்ளி வேண்டாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, மேலும் கீழுமாக இருக்கிற புள்ளிகளுக்கு நடுவிலும் அதே மாதிரி ஒரு பெருக்கல் குறி. எல்லா இடைவெளியிலும் போட்ட பிறகு குறிகளின் நுனிகளை இணைத்துக்கொண்டே போங்கள், ஓரத்துக்கு வந்தால் வெளிப் புள்ளியைச் சுற்றி வளைத்துத் திரும்புங்கள். எந்தப் புள்ளியும் கோட்டில் மாட்டாமல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருந்தால் கோலம் முடிந்தது. இப்போது ஓர் இடத்தில் விரலை வைத்து, குறுக்கே கோடு வந்தால் திரும்பாமல் நேரே தாண்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் வரை ஒரு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். நிறம் படாத கோடு மிச்சம் இருந்தால் அடுத்த நிறம். எத்தனை நிறம் தேவைப்பட்டதோ அத்தனை இழை.

2-க்கு 2, அதாவது வரிசைக்கு இரண்டு புள்ளியாக இரண்டு வரிசை போட்டால் இரண்டு இழை. 2-க்கு 3 போட்டால் ஒரே இழையில் முடிந்துவிடும். 3-க்கு 3, மூன்று. இந்த மூன்றை எல்லோரும் சேர்ந்து போட்ட பிறகு நான் சுவரில் ஆறுக்கு ஆறு கட்டம் ஒன்றை வரைந்து, எந்த அளவுக்கு எத்தனை இழை என்று இதை நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

முதலில் நடப்பது கணக்கு இல்லை. "இது பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்று ஒரு பையனாவது சொல்வான். பதில் சொல்லாதீர்கள். அவன் போடுகிற 3-க்கு 4 ஓரத்தில் கோணிக்கொண்டு போகும்போது அதே குழுவில் இருக்கிற பெண் "இங்க வளைக்கணும்டா" என்று சாக்பீஸைப் பிடுங்குவாள், விஷயம் அத்தோடு தீர்ந்துவிடும். வகுப்பில் கணக்கு என்றால் பின் பெஞ்சுக்குப் போகிற ஒரு பெண் எங்கள் மாடியில் அன்றைக்கு மூன்று குழுவுக்கும் கோல மேஸ்திரி ஆனாள்.

இருபது நிமிடத்தில் கட்டம் பாதி நிரம்பும். 2-க்கு 5-ம் 5-க்கு 2-ம் ஒன்றுதானே, திருப்பிப் போட்டால் அதே கோலம்தானே என்று யாராவது கவனிப்பார்கள், வேலை பாதியாகக் குறையும், அந்தக் குழுவின் மேல் மற்றவர்களுக்குப் பொறாமை வரும். அப்புறம் விதிகள் கிளம்பும். அடுத்தடுத்த எண் என்றால் ஒரே இழை. சதுரம் என்றால் அதே எண். இரண்டும் இரட்டைப்படை என்றால் இரண்டு இழை. எல்லாவற்றையும் சுவரில் எழுதச் சொல்லுங்கள், தலைப்பு 'சந்தேகம்' என்று. 'விதிகள்' என்று தலைப்புப் போட்டால் பிள்ளைகள் அதைத் தொடப் பயப்படுவார்கள்.

பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஓர் ஆச்சி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது வருடமாக வாசலில் கோலம் போடுகிறவர். "ரெண்டு பக்கமும் ஒத்தப்படையா வச்சா ஒரே கம்பியில போயிரும், இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். 3-க்கு 3 இருக்கிறதே, அது மூன்று. "சதுரத்த விடுங்க, நான் நீட்டக் கோலத்தச் சொல்றேன்" என்றார் ஆச்சி. 1-க்கு 3 ஒன்று, 1-க்கு 5 ஒன்று, 3-க்கு 5 ஒன்று, அவர் சொல்வது நிற்கிறது. கட்டத்துக்குள் இருக்கிற வரை ஆச்சியின் விதியை யாராலும் உடைக்க முடியவில்லை. ஏழாவது படிக்கிற ஒருவன்தான் கட்டத்துக்கு வெளியே போய் 3-க்கு 9 போடலாம் என்றான். இருபத்தேழு புள்ளி. கால் மணி நேரம் மூன்று பேர் முட்டி தேய மாடி முழுக்கப் போட்டார்கள், மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். சிவப்பு முடிந்தது, பச்சை முடிந்தது, இன்னும் கோடு மிச்சம் இருந்தது. மூன்று இழை. ஆச்சி கீழே குனிந்து தன் விரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வாசல்ல ஒம்போது புள்ளிக்கு எடம் கெடையாது" என்றார்.

இந்த மாதிரிச் சமயத்தில்தான் டியூஷன் பையன் வருவான். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவன் உண்டு, கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "இது எச்.சி.எஃப். தான்" என்றான். நாம் படித்த காலத்து மீ.பொ.வ., இப்போதைய புத்தகத்தில் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண். விடை சரிதான். 4-க்கு 6 என்றால் 2, 3-க்கு 9 என்றால் 3, 4-க்கு 8 என்றால் 4, எல்லாம் பொருந்துகிறது. நீங்கள் "சபாஷ்" என்று சொன்னால் வட்டம் முடிந்துவிடும். அவனைத் தட்டிவைக்கவும் கூடாது. நான் கேட்டது இதுதான்: "காரணின்னா வகுக்கிற எண். இந்தக் கோலத்துல யாரு எதை வகுத்தாங்க?" அவன் வாயைத் திறந்தான், மூடினான், கோலத்தைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தான்.

அதற்குப் பதில் வர மூன்று ஞாயிறு ஆனது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் நடத்தும்போது எதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று தெரிவதற்காக, முன்கூட்டியே உளறிவிடுவதற்காக இல்லை.

இரண்டாவது ஞாயிறு ஒரு பெண் 3-க்கு 5 கோலத்தின் மேல் தன் நோட்டை வைத்து மூன்றுக்கு மூன்று புள்ளிகளை மறைத்தாள். மிச்சம் தெரிவது 3-க்கு 2. "இதுக்கும் ஒண்ணு, அதுக்கும் ஒண்ணு" என்றாள். தற்செயல் என்றார்கள். 4-க்கு 6-ல் நாலுக்கு நாலை மறைத்தார்கள், மிச்சம் 4-க்கு 2, இதற்கும் இரண்டு இழை, அதற்கும் இரண்டு. 3-க்கு 9-ல் மூன்றுக்கு மூன்றை மறைத்தால் 3-க்கு 6, இன்னொரு மூன்றுக்கு மூன்றையும் மறைத்தால் 3-க்கு 3, எப்போதும் மூன்றுதான். சதுரத்தை வெட்டி எடுத்தால் இழை எண்ணிக்கை மாறவில்லை. ஏன்?

மூன்றாவது ஞாயிறு அதே குழு வெட்டுகிற கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இழையாகச் சதுரத்துக்குள் அனுப்பிப் பார்த்தது. உள்ளே போகிற இழை சாய்வாகப் போய் மேல்பக்கம் ஒரு முட்டு, இடப்பக்கம் ஒரு முட்டு, கீழ்ப்பக்கம் ஒரு முட்டு முட்டிவிட்டு, எந்தப் பெருக்கல் குறி வழியாக உள்ளே நுழைந்ததோ அதே குறி வழியாக வெளியே வந்தது. எந்த இழையை அனுப்பினாலும் அப்படித்தான். டியூஷன் பையன்தான் முதலில் கத்தினான்: "அப்போ அந்த எடத்துல ஒரு சுவரு இருந்தாலும் ஒண்ணுதான! முட்டிட்டுத் திரும்பி வந்த மாதிரிதான!" ஆமாம். சதுரம் இருப்பதும் ஒன்று, சுவர் இருப்பதும் ஒன்று. அதனால் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டே போகலாம், கடைசியில் ஒரு சதுரம் மிஞ்சும், அதன் பக்கம் எவ்வளவோ அத்தனை இழை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போய் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிக்கிற இந்த வழியை கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதி வைத்தார். அதை நான் பிள்ளைகளிடம் எல்லாம் முடிந்து சுண்டல் சாப்பிடும்போதுதான் சொன்னேன். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆராய்ச்சி செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "கோலத்துக்குப் போயி பி.எச்டி.யா?" என்று ஒருத்தி கேட்டாள். பெயர்களும் வரலாறும் கடைசியில் வரட்டும். முதலில் சொன்னால், எல்லாம் ஏற்கெனவே யாரோ முடித்துவிட்டார்கள், நாம் தேட என்ன இருக்கிறது என்று ஆகிவிடும்.

வாய்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நாம் எல்லோரும் 'சரி' என்ற சொல்லைப் பேச்சுக்கு நடுவில் மூச்சு மாதிரி விடுகிறோம். பிள்ளை ஏதாவது சொன்னால் "சரி", அடுத்த வேலைக்குப் போகும்போது "சரி", யோசிக்கும்போது "சரீ..." என்று ஓர் இழுப்பு. நமக்கு அது வெறும் ஒலி. பிள்ளைக்கு அது டிக் மார்க். ஒரு தடவை எங்கள் வட்டத்தைப் போனில் பதிவு செய்து இரவில் கேட்டேன், ஒன்றேகால் மணி நேரத்தில் நான் எத்தனை 'சரி' சொன்னேன் என்று எண்ண ஆரம்பித்து வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். தப்பான விதிக்கும் சரி, சரியான விதிக்கும் சரி. ஒவ்வொரு 'சரி'க்கும் அப்புறம் இரண்டு பேர் யோசிப்பதை நிறுத்தியிருந்தார்கள், அது பதிவில் தெளிவாகக் கேட்டது.

இப்போது 'ம்' சொல்கிறேன். 'ம்' போதவில்லையென்றால் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்: "எப்படித் தெரிஞ்சுது?", "எப்பவும் அப்படித்தானா?", "அவ என்ன சொன்னா, நீ சொல்லு பாப்போம்." மூன்றாவதுதான் தங்கம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தன் வார்த்தையில் சொல்லும்போது பாதி நேரம் வேறு எதையோ சொல்வார், சொன்னவர் "நான் அப்படிச் சொல்லலையே" என்று எழுந்து வருவார், அப்புறம் நீங்கள் வேடிக்கை பார்த்தால் போதும். ஆனால் இந்தக் கேள்விகளைச் சரியான விடைக்கும் கேளுங்கள், தப்பான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் "எப்படித் தெரிஞ்சுது" என்று கேட்டால் இரண்டே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் வாயைத் திறந்தவுடன் அழிக்க ஆரம்பிப்பார்கள். முகமும் அப்படித்தான். சில பிள்ளைகள் கோலத்தைப் பார்ப்பதை விட உங்கள் புருவத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள், அதனால்தான் நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவது.

அமைதி வந்தால் பயந்துவிடாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு யாரும் பேசவில்லை என்றால் மூன்றாவது விநாடியில் நமக்குக் கை நடுங்கும், குறிப்புக் கொடுத்துவிடுவோம். நான் மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். எனக்கு அது சரளமாக வராது என்பதால் நேரம் பிடிக்கும், பாதி போவதற்குள் யாராவது பேசிவிடுவார்கள்.

பேசவே பேசாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது போட்டதை நீங்களும் போடுங்கள், வேண்டுமென்றே ஓர் இடத்தில் தப்பாக வளையுங்கள். திருத்தாமல் இருக்கிற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பள்ளியில் செய்ய நினைக்கிறவர்களுக்கு

நாற்பது பேர், நாற்பது நிமிடம் என்றால் மேலே சொன்னதில் பாதி நடக்காது, ஏமாறாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு பீரியட் கேட்டு வாங்குங்கள். வராந்தா தரையைப் பிடியுங்கள். பதின்மூன்று குழுவும் சொல்ல ஆரம்பித்தால் கடைசிக் குழு சொல்லும்போது முதல் குழு தூங்கிவிடும், அதனால் முரண்படுகிற மூன்று குழுவை மட்டும் பேசவிடுங்கள். சத்தம் வரும். சில வருடம் முன்பு ஒரு பள்ளியில் வாரம் ஒரு நாள் நடத்தச் சம்மதித்தார்கள், நாலாவது வாரம் தலைமையாசிரியர் வராந்தா வழியாகப் போனார், "என்ன சந்தைக்கடை மாதிரி?" என்றார், ஐந்தாவது வாரம் இல்லை. அவர் மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் முதல் வாரமே அவரையும் ஒரு குழுவில் உட்கார வைத்து 3-க்கு 4 போட வைத்திருக்க வேண்டும், அது என் தப்பு.

கோலம் முடிந்த பிறகு

ஒரே கேள்வி நாலைந்து வாரம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். கைவசம் இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டை 21, இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். முதல் பத்து ஆட்டம் வெறும் கூச்சல். அப்புறம் ஒருத்தி "நாலு கொட்டைய எதிராளிக்கு விட்டா முடிஞ்சுது" என்பாள், அப்புறம் எட்டு, பன்னிரண்டு என்று பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். கண்டுபிடித்தவுடன் விதியை மாற்றுங்கள், நாலு வரை எடுக்கலாம் என்று, அல்லது கடைசியாக எடுப்பவர் தோற்றார் என்று. விதியை அவர்களே மாற்றினால் இன்னும் நல்லது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஆடினால் தெரியும்.

இன்னொன்று 6174. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்தது. நாலு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நாலு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வந்ததை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 2025 எடுத்தால் 5220-லிருந்து 0225 போக 4995, அப்புறம் 5355, 1998, 8082, 8532, கடைசியில் 6174. அதற்கப்புறம் நகராது. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து விழும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்! ஒவ்வொரு குழுவும் வண்டி நம்பர், பிறந்த வருடம் என்று ஏதோ ஒன்றில் ஆரம்பித்துத் தனித்தனியாகக் கழித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு குழு "எங்களுக்கு இது திரும்பத் திரும்ப வருது, தப்பா போட்டோமா?" என்று கேட்கும், பக்கத்துக் குழு எட்டிப் பார்க்கும். கழித்தல் கணக்கு நூறு கொடுத்தால் முனகுகிற பிள்ளைகள் அன்றைக்குக் கணக்கில்லாமல் கழிப்பார்கள். மூன்று இலக்கத்தில் செய்தால் 495-ல் நிற்கும். இரண்டு இலக்கத்தில் நிற்காது, 81, 63, 27, 45, 9 என்று வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும், கடைசி 9-ஐ 09 என்று எழுத வேண்டும், அதில் ஒரு சண்டை வரும், வரட்டும். ஏன் என்று கேட்பார்கள். நாலு இலக்கத்துக்குச் சுருக்கமான பதில் எனக்கே கிடையாது, அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர் "மார்க் ஏறுமா?" என்று கேட்பார்கள். ஏறும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. காசு வாங்காததால் இந்தப் பதிலைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது, நீங்களும் வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள், சுண்டலை மட்டும் வாரம் ஒரு வீடு என்று சுற்றில் விடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்க வேண்டாம், "இன்னைக்கு யாரு கூட சண்டை?" என்று கேளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சிலர் கேட்கிறார்கள்.

நேரம் முடிந்தால் கேள்வி முடியாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். சுவரில் எழுதியதை அழிக்காதீர்கள், மழைக்காலம் என்றால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுவரில் இப்போது மிச்சம் இருக்கிற சந்தேகம் ஊடு புள்ளிக் கோலத்துக்கு என்ன விதி என்பது. ஆச்சி அதற்கும் ஒரு விதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆரம்பிப்பதானால் சனிக்கிழமை இரவே தாளில் 4-க்கு 6 வரை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 4-க்கு 6-க்கு எனக்கு முதல் தடவை ஒரே இழைதான் வந்தது, நடுவில் ஒரு பெருக்கல் குறியை விட்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி வந்தால் அந்தத் தாளைக் கிழிக்காமல் ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்துக்கொண்டு போங்கள், எங்கே தப்பு என்று பிள்ளைகள் தேடட்டும்.